விட்டுப்போன ஓர் எண்ணைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



ஓர் எண்ணைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 293,318,625,600. பன்னிரண்டு இலக்கம். லண்டன் கணிதவியல் கழகத்தின் ஆய்விதழில் 1915இல் சீனிவாச ராமானுஜன் வெளியிட்ட கட்டுரையில் இது இடம்பெற்றிருக்க வேண்டும். இடம்பெறவில்லை. அதில் அவர் 102 எண்களை வரிசையாக எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் இந்த ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் ஆறாம் ஆண்டு வகுப்பில் இந்த எண்ணுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் ஆசிரியர் அல்லன். ஜார்ஜ் டவுனில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆனால் ராமானுஜனை நம் பிள்ளைகளுக்கு நாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு.

பள்ளி மேடைகளில் அவரைப் பற்றிப் பேசும் பிள்ளைகள் இரண்டு கதைகளைச் சொல்கிறார்கள். ஒன்று, அவர் கனவில் குலதெய்வமான நாமகிரித் தாயார் வந்தது. மற்றொன்று, அவரைப் பார்க்கக் கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729. இரண்டும் அழகான கதைகள்தாம். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கைதட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். அவர் வேறு பிறவி, நாம் வேறு பிறவி என்ற எண்ணம் மனத்தில் விழுந்துவிடுகிறது. 1912இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக உட்கார்ந்திருந்தவர் அவர். நம் பாட்டன் பூட்டன்களில் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய அதே துறைமுகம். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, அடுத்த ஆண்டே இந்தக் கட்டுரையை வெளியிட்டார். இதற்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. ஆய்விதழின் 347ஆம் பக்கத்தில் தொடங்கி 409ஆம் பக்கத்தில் முடியும் அந்தக் கட்டுரையில் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பட்டியலை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் சரிபார்க்க முடியும்.

அவர் தேடியது என்ன? தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை. உயர்பகு எண்கள் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகும். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே ஆறு காரணி உள்ள எண்ணே கிடையாது. 60க்குப் பன்னிரண்டு. மணிக்கு 60 நிமிடம், டஜனுக்கு 12 என்று மனிதர்கள் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம், பல வகையில் மீதியின்றிப் பங்கு போடலாம்.

காரணிகளை ஒவ்வொன்றாக எழுதித்தான் எண்ண வேண்டும் என்பதில்லை. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி என்று பினாங்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 513ஐ உடைத்தால் 3ஐ மூன்று முறையும் 19ஐ ஒரு முறையும் பெருக்கிய எண். ஒரு காரணியை உருவாக்க 3ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம்: நான்கு வழி. 19ஐ எடுக்கலாம், விடலாம்: இரண்டு வழி. நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. 1, 3, 9, 19, 27, 57, 171, 513 என்று எழுதிப் பார்த்தாலும் அதே எட்டுதான் வரும். ஒன்பது படி குறைத்து 504 என்று வைத்தால்? மூன்று 2, இரண்டு 3, ஒரு 7. நான்கு, மூன்று, இரண்டு ஆகியவற்றின் பெருக்கம் 24. ஒன்பது எண் கீழே இறங்கினால் காரணிகள் மூன்று மடங்கு. ஓர் எண்ணின் இயல்பை அதன் அளவு தீர்மானிப்பதில்லை, அதற்குள் இருக்கும் பகா எண்கள் தீர்மானிக்கின்றன. இதைப் பிள்ளை தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இதைச் சொல்ல வேண்டிய தேவை அதிகம் என்று நினைக்கிறேன். அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கியில் நான்காம் மாடிக்கு 3ஏ என்று எழுதியிருக்கும். விபத்தில் சிக்கிய காரின் எண்ணைப் பார்த்து நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எண்ணுக்கு ராசி உண்டு என்று கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, எண்ணுக்கு உண்மையிலேயே ஒரு குணம் உண்டு, அதை யாரும் ஏற்றிவைக்க முடியாது, யாரும் பறிக்கவும் முடியாது என்பதை எங்கே தெரிந்துகொள்ளும்? பினாங்கு ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கிட்டங்கிகளுக்குப் பெட்டியடிப் பையன்களாக வந்தவர்கள் வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். அந்தத் திறமை நம்மிடம் இருந்தது. வியாபாரத்துக்கு வெளியே, எண்ணை எண்ணுக்காகப் பார்க்கும் பழக்கத்தை நம் வகுப்பறையில்தான் உண்டாக்க வேண்டும்.

இனி ராமானுஜனின் பட்டியலுக்கு வருகிறேன். அவர் நிறுத்திய கடைசி எண் 6,746,328,388,800. ஆறு டிரில்லியனைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டு வழக்கில் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதும் நம் மலேசிய வழக்கத்தால் இந்த இடத்தில் ஒரு வசதி கிடைக்கிறது. பிரித்த தொகுதிகளை வலப்பக்கத்திலிருந்து மாறி மாறிக் கழித்துக் கூட்டச் சொல்லுங்கள். 800இல் 388ஐக் கழித்தால் 412. 328ஐக் கூட்டினால் 740. 746ஐக் கழித்து 6ஐக் கூட்டினால் பூச்சியம்.

பூச்சியம் வந்தால் அந்த எண் 1001ஆல் மீதியின்றி வகுபடும். ஏனென்றால் ஆயிரம் என்பது 1001க்கு ஒன்று குறைவு. மில்லியன் என்பது 1001இன் மடங்குக்கு ஒன்று அதிகம். பில்லியன் மறுபடி ஒன்று குறைவு. அதனால்தான் தொகுதிகளுக்குக் கழித்தலும் கூட்டலும் மாறி மாறி வருகின்றன. 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கம். ஒரே ஒரு கூட்டல் கழித்தலில் மூன்று பகாக் காரணிகள் பிடிபட்டுவிட்டன. நான்கு வரிக் கணக்கில் டிரில்லியன் ஒன்று இப்படித் திறந்துகொள்வதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே போகலாம். 1001ஆல் வகுத்தால் 6,739,588,800. நூறால் வகுத்தால் 67,395,888. அதை 16ஆல் வகுத்தால் 4,212,243. ஆறாம் ஆண்டுப் பாடத்தின் 10 மில்லியன் எல்லைக்குள் வந்துவிட்டோம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 18, ஆகவே ஒன்பதால் வகுபடும். ஒன்பதால் இருமுறை வகுத்தால் 52,003. ஏழால் வகுத்தால் 7,429. பதினேழால் வகுத்தால் 437. அது 19ஐ 23ஆல் பெருக்கிய எண். முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. நூறுக்குள் இருக்கும் பகா எண்களை நீங்கள்தான் கற்றுக் கொடுக்கிறீர்கள். இந்த எண்ணில் 23க்கு மேல் எதுவும் இல்லை. காரணிகளின் எண்ணிக்கை 7, 5, 3, 3 ஆகியவற்றைப் பெருக்கி, அதை ஐந்து முறை இரட்டித்தால் 10,080.

அந்த அடுக்குகளைப் பாருங்கள்: ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, பிறகு ஒன்று ஒன்றாக. ஏறவே இல்லை. உயர்பகு எண் எதுவானாலும் இப்படித்தான் இருக்கும். காரணம் பிள்ளைகளுக்குப் புரியக்கூடியது. 18 என்பது ஒரு 2, இரண்டு 3. அடுக்குகளை இடம் மாற்றினால் இரண்டு 2, ஒரு 3: அது 12. இரண்டுக்கும் ஆறு காரணிகள்தான், ஆனால் 12 சிறியது. ஆகவே 18 பட்டியலில் சேர முடியாது. பெரிய பகா எண்ணுக்கு அதிக அடுக்கு கொடுத்த எந்த எண்ணும் இப்படித் தோற்றுவிடும். நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போனாலும் தோற்கும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர என்பதையும் ராமானுஜன் நிறுவினார். இது கொஞ்சம் கடினம், நிறுவலைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 4, 36 என்ற விதிவிலக்குகளைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இப்போது விட்டுப்போன எண். கடைசி எண்ணிலிருந்து 23ஐ மட்டும் நீக்குங்கள். 6,746,328,388,800ஐ 23ஆல் வகுத்தால் 293,318,625,600. அதுவேதான்! பட்டியலில் இல்லாத எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் கிடைக்கிறது. இதை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணிகள் சரிபாதி, 5040. தொகுதிகளைக் கழித்துக் கூட்டிப் பாருங்கள்: 600இல் 625ஐக் கழித்து, 318ஐக் கூட்டி, 293ஐக் கழித்தால் இங்கும் பூச்சியம்.

பட்டியலில் இந்த இடத்துக்கு முன்னால் நிற்பது 240,940,299,600. அதற்கு 4800 காரணிகள். பின்னால் நிற்பது 321,253,732,800. அதற்கு 5376. இரண்டும் 23இல் முடிகின்றன, இரண்டிலும் 7 ஒரே முறைதான். நடுவில் இருக்க வேண்டியதோ 23ஐக் கைவிட்டு 19இல் நின்றுகொண்டு, 7ஐ இரண்டாக வைத்திருக்கிறது. வரிசை ஓரடி பின்வாங்கி மறுபடி முன்னால் போகிற இடம் அது. கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை, முதல் உலகப் போர்க் காலம். அந்த நிலையில் 102 எண்களைச் சரியாகப் பிடித்தார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. ஒன்று தப்பியது என்பதால் அந்த வியப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. பட்டியலைச் சாமி கொடுக்கவில்லை, ஒரு மனிதர் உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய கணக்கு இதுதான். விட்டுப்போன எண்ணைச் சொல்லாதீர்கள். முன்னால் நிற்பதையும் பின்னால் நிற்பதையும் உடைத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். 240,940,299,600 என்பது நான்கு 2, நான்கு 3, இரண்டு 5, பிறகு 7 முதல் 23 வரை ஒவ்வொன்று. 321,253,732,800 என்பது ஆறு 2, மூன்று 3, இரண்டு 5, பிறகு அதேபோல் 7 முதல் 23 வரை ஒவ்வொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் 4800க்கு மேல் காரணி உள்ள எண் இருக்கிறதா என்று கேளுங்கள். தேடட்டும். தடுமாறினால் ஒரு குறிப்புக் கொடுங்கள்: முதல் எண்ணிலிருந்து 23ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கலாம்? 24 வைத்துப் பார்ப்பார்கள், காரணிகள் குறையும். 25, 26, 27 எல்லாம் அப்படித்தான். 28 வைத்தால், அதாவது இரண்டு 2, ஒரு 7 சேர்த்தால், எண்ணிக்கை 5040க்குத் தாவும். நடுவில் அப்படி ஓர் எண் இருக்கிறது என்று காட்டிவிட்டாலே போதும், பட்டியலில் ஒன்று குறைகிறது என்பது உறுதியாகிவிடும். பேராசிரியர் யாரும் வந்து சான்றிதழ் தர வேண்டாம்.

இதில் நான் காணும் பெரிய பேறு அதுதான். வரலாற்றிலோ இலக்கியத்திலோ ஒரு மேதை தவறவிட்டதை எடுத்துச் சொல்ல ஆண்டுக்கணக்கில் படித்திருக்க வேண்டும். எண்களில் மட்டும் ராமானுஜனின் பட்டியலுக்கு முன்னால் ஆயர் ஈத்தாமில் படிக்கும் ஒரு சிறுமி நின்று, ஐயா, இங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மரியாதையோடு சொல்லலாம். அவள் சொல்வது சரி என்றால் சரி.

இயந்திரத்தின் தவறையும் இப்படி எடுத்துச் சொல்லலாம். பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் உங்கள் பள்ளிகளில் நிறைய இருப்பார்கள். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் தொடங்கியது அங்கேதான். 1994இல் அந்த நிறுவனத்தின் பென்டியம் சில்லு வகுத்தலில் தவறு செய்தது வெளியே வந்தது. அதைப் பிடித்தவர் வர்ஜினியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. இரண்டு வித்தியாசத்தில் அடுத்தடுத்து வரும் பகா எண் இணைகளை எடுத்து, ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டிக்கொண்டே போனார். 824,633,702,441, 824,633,702,443 என்ற இணை வந்தபோது விடை பிசகியது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பொதித்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விட்டுப்போயிருந்தன என்று இன்டெல் விளக்கம் சொன்னது. அந்தச் சில்லுகளை மாற்றிக் கொடுக்க அது ஒதுக்கிய தொகை 475 மில்லியன் அமெரிக்க டாலர். ராமானுஜனின் அட்டவணையில் ஒரு வரி, இன்டெலின் அட்டவணையில் ஐந்து. இரண்டையும் காட்டிக் கொடுத்தவை பன்னிரண்டு இலக்க எண்கள். கணினி இருக்கும்போது இவ்வளவு பெரிய எண்ணைக் கையால் உடைப்பானேன் என்று ஒரு பெற்றோர் கேட்டால், இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் 5040ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. விட்டுப்போன எண்ணின் காரணி எண்ணிக்கையான இது, தானே ஓர் உயர்பகு எண். ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினால் வருவது. ஏழு பிள்ளைகள் வரிசையில் நிற்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையும் இதுவே. இந்த எண் இன்னோரிடத்திலும் வருகிறது. போர்க் காலத்தில் லண்டன் கணிதவியல் கழகத்துக்குப் பண நெருக்கடி இருந்ததால், ராமானுஜன் தன் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அந்தப் பகுதியை ழான் லூயி நிக்கோலா, கீ ரோபேன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளோடு 1997இல் வெளியிட்டார்கள். அந்த ரோபேன் 1984இல் ஒன்றை நிறுவியிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு அவர் ஒரு வரம்பு சொன்னார். 5040ஐத் தாண்டிய எந்த எண்ணும் அந்த வரம்பைத் தொடாது என்று யாராவது காட்டிவிட்டால், 1859இலிருந்து தீராமல் கிடக்கும் ரீமன் கருதுகோள் உண்மை என்று முடிவாகிவிடும். வரம்பை மீறுகிற எண்களில் இதுவரை தெரிந்த மிகப் பெரியது 5040தான். கணிதத்தின் ஆகப் பெரிய புதிர்களில் ஒன்று, காரணிகளைக் கூட்டுவது என்ற தொடக்கப்பள்ளிக் கணக்கின்மேல் நிற்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதை முழுக்க விளக்க முடியாது. ஆனால் தான் போட்ட கணக்கிலிருந்து ஒரு வழி அங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அதற்கு உண்டு.

அடுத்த ஆண்டு இதே பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய், படிவம் ஒன்றில் காரணிகளையும் பகாக் காரணிகளையும் மலாயில் ஃபக்தோர், ஃபக்தோர் பெர்டானா என்று புதிதாகச் சந்திக்கப் போகிறார்கள். பெயர் மாறும்போது சிலர் மிரண்டுவிடுகிறார்கள். ஒரு டிரில்லியனைத் தமிழில் கையால் உடைத்துப் பார்த்த பிள்ளை மிரளாது என்பது என் நம்பிக்கை. புத்தகத்தில் 48க்கும் 60க்கும் காரணி கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அது சுலபமாகத்தான் தெரியும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பிடித்துவிடாது என்பதையும் அறிவேன். வாய்ப்பாடே தடுமாறும் பிள்ளைகளுக்கு 513, 504 வரை போதும். கோயில் படிகளின் எட்டுக் காரணிகளை அவர்கள் எழுதிக் காட்டினால் அதற்கும் பாராட்டுங்கள். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். தேர்வுக்கு வருமா என்ற கேள்வி எழுந்தால், வராது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

செய்முறையில் ஒரு சிறு விஷயம். கடைகளில் கிடைக்கும் மேசைக் கால்குலேட்டர்களில் பெரும்பாலும் 12 இலக்கம் வரைதான் ஏறும். 6,746,328,388,800க்குப் பதின்மூன்று இலக்கம், அதில் அடங்காது. அதைக் கையால்தான் உடைத்தாக வேண்டும். 293,318,625,600 சரியாக ஏறும். கால்குலேட்டரைப் பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்த பிறகு, சரிபார்ப்பதற்கு மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு கணக்கெழுத்தர்